கவரைப் பிரித்தது யார்?

தம்பி,

மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுத உட்காருகிறேன். உட்கார்ந்தால் நாலு வரி, எழுந்தால் ஒரு மணி நேரம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. உப்பளம் முழுக்கத் தண்ணீர். எது பாத்தி, எது வாய்க்கால் என்று தெரியவில்லை. தை பிறக்கிற வரைக்கும் அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது, உனக்கே தெரியும். இருந்தாலும் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை குடையை எடுத்துக்கொண்டு போய் நின்று பார்த்துவிட்டு வருகிறேன். இன்றைக்குக் காலையில் உன் அம்மா கேட்டாள், மூன்று நாளாக என்ன எழுதுகிறீர்கள் என்று. சொத்தைப் பிரித்து எழுதுகிறேன் என்றேன். எந்தச் சொத்தை என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினாய். வழக்கம்போல என் நம்பருக்கு. நான் குளித்துக்கொண்டிருந்ததால் அம்மாதான் எடுத்தாள். 'அப்பாகிட்ட குடு' என்றாய். ஆகஸ்டு மாதத்திலிருந்து அவளிடம் நீ பேசுகிற பேச்சு அந்த இரண்டு சொல்தான். நான் ஈரத்தோடு வந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். படிப்பு முடிந்ததும் அங்கேயே வக்கீல் பரீட்சை எழுதலாம் என்றிருக்கிறாய், அதற்கு நம் பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் சான்றிதழ் மறுபடியும் முத்திரை வைத்த கவரில் போகவேண்டும், நான் சென்னைக்குப் போய் விண்ணப்பம் கொடுத்தால் போதும், அவர்களே நேராக அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவார்கள். எல்லாம் சரி. கடைசியில் ஒன்று சொன்னாய். "தப்பித்தவறி கவர் வீட்டுக்கு வந்துச்சுன்னா, அம்மா கைல மட்டும் குடுத்துடாதப்பா." அடுப்பில் தோசை வார்த்துக்கொண்டிருந்தவள் காதில் அது விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டாள்.

அன்றிலிருந்துதான் எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உன்னிடம் நான் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. போனில் சொல்லலாம் என்று மூன்று தரம் உன் எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் துண்டித்துவிட்டேன். ஆகவே எழுதுகிறேன். இதிலும் நேராக வந்து விழமாட்டேன், சுற்றி வளைத்துத்தான் வருவேன். பொறுத்துக்கொள். எதிர்க்கட்சிக்காரன் மனுவைக்கூடக் கடைசி வரி வரைக்கும் படிக்கவேண்டும் என்று உங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

அமெரிக்காவில் போய் சட்டத்தில் மேல்படிப்பு படிக்கப்போகிறேன் என்று நீ சொன்னபோது, திண்டிவனம் கோர்ட்டில் சீனியர் பின்னால் கேஸ் கட்டுத் தூக்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்களுக்குத் தெரிந்த அட்மிஷன் என்றால் ஃபாரம் வாங்குவது, வரிசையில் நிற்பது, சீல் போட்டுக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பஸ் பிடிப்பது. இது ஒன்றரை வருஷம் இழுத்தது. இங்கிலீஷ் பரீட்சைக்கு ஒரு நாள், உனக்குப் பாடம் எடுத்த வாத்தியார்கள் இரண்டு பேர் கடிதம் எழுத ஏழு மாதம். சீட்டு கிடைத்தது என்று துள்ளிக் குதித்தால், அதற்குப் பிறகு ஐ-20 என்று ஒரு படிவம், அது வந்தால் அதற்குப் பிறகு விசா. விசா வாங்கிய பிறகாவது முடிந்தது என்று பார்த்தால், அம்மை ஊசி போட்டதற்குச் சான்று இல்லாமல் வகுப்பில் உட்காரவிட மாட்டார்கள் என்று ஒரு மெயில் வந்தது. நீ வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாய். அப்போது உன் அம்மா பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து, நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த தடுப்பூசி அட்டையை எடுத்து நீட்டினாள். இத்தனை வருஷமும் மடிப்புக்கூடக் கிழியாமல் வைத்திருந்தாள். ஒரு காகிதத்தின் அருமை தெரியாதவள் செய்கிற காரியமா அது என்று நீ அப்புறம் யோசித்துப் பார்க்கவே இல்லை. இதை ஒரு ஓரத்தில் எடுத்து வைத்துக்கொள், பிறகு தேவைப்படும்.

அந்தக் கட்டுரை ஞாபகம் இருக்கிறதா? நீ ஏன் சட்டம் படிக்க வந்தாய் என்று இரண்டு பக்கத்தில் எழுதிக் கேட்டிருந்தார்கள். நீ எழுதி முடித்து, எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துத் தமிழில் சொன்னாய். நீ ஏழாவது படிக்கும்போது, பங்குனி மாதத்தில், நம் பாத்தியில் வாருவதற்குத் தயாராக நின்ற உப்பு முழுக்க ஒரே சாயங்காலத்தில் கரைந்துபோனது. யாரோ மடையைத் திறந்துவிட்டு அடைக்காமல் போயிருந்தார்கள். பங்குக்காரர் ஏகாம்பரம் வந்து கத்தினார். நீ வரப்பில் நண்டு பிடித்துக்கொண்டிருந்தாய். நான் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவர் முன்னாலேயே அறைந்தேன். 'திறந்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்காமல் தண்டிக்கக்கூடாது என்று மட்டும் அன்றைக்குத் தெரிந்தது. அதனால்தான் வக்கீலானேன்' என்று எழுதியிருந்தாய். நீ சொல்லி முடித்ததும் உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் எழுந்து, மாடு எதுவும் இல்லாத வீட்டில், மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள்.

மடையைத் திறந்தவன் நான். தண்ணீர் கொஞ்சம் ஏறட்டும் என்று திறந்துவிட்டு, டீக்கடையில் எலெக்‌ஷன் பேச்சில் மறந்துபோனேன். ஏகாம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து நின்றபோது எனக்குப் பக்கத்தில் இருந்தது நீதான். பயந்தவன் கை பக்கத்தில் இருப்பவன் மேல்தான் விழும். அதைச் சொல்ல எனக்குப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கிறது. இப்போதுகூட நான் சொல்ல வந்தது அது இல்லை.

கொஞ்சம் எழுந்து போய்விட்டு வந்தேன். மழை விட்டிருக்கிறது. காற்றில் காகிதம் நமுத்துப்போய்ப் பேனா இழுக்கிறது.

நான் சாமி கும்பிடாதவன் என்று ஊருக்கே தெரியும். கோயிலுக்கு நான் போவதெல்லாம் உங்கள் செருப்புக்குக் காவல் இருக்கத்தான். முதல் உப்பு வாரும் நாளில் எல்லோரும் குவியலுக்குக் கற்பூரம் காட்டுவார்கள், நான் தள்ளிப்போய் பீடி பற்றவைப்பேன். உன் அம்மா எந்தக் காகிதம் வந்தாலும் நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைப்பாள். புதுத் துணிக்கு மஞ்சள், ரேஷன் கார்டுக்கு மஞ்சள், கேஸ் சிலிண்டர் புத்தகத்துக்கு மஞ்சள், உன் பத்தாவது ஹால் டிக்கெட்டுக்கு மஞ்சள். அரசாங்கமே உன் கையில் கிடைத்தால் அதற்கும் நாலு மூலை வைத்துவிடுவாய் என்று நான் கிண்டல் பண்ணுவேன். நீயும் என்னோடு சேர்ந்துகொள்வாய். இந்த ஒரு விஷயத்தில் நாம் இரண்டு பேரும் ஒரு கட்சி. அந்தக் கட்சிதான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

நீ புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம், பல்கலைக்கழகத்திலிருந்து முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த கவரைத் தூக்கிக் காட்டினாய். உள்ளே உன் கடைசி மதிப்பெண் சான்றிதழ். மூடியில் பாதியும் உடம்பில் பாதியுமாக வட்ட முத்திரை, குறுக்கே ஒரு கையெழுத்து. அங்கே போய் இறங்கியதும் இதை அப்படியே அட்மிஷன் ஆபீசில் கொடுக்கவேண்டும், முத்திரை ஒரு நூல் விலகியிருந்தாலும் வாங்கமாட்டார்கள், யாரும் தொடாதீர்கள் என்றாய். சொல்லும்போது அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாய். அவள் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் பெருமுக்கல் மலைக்கு வேண்டுதல் என்று அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனாய். நீயும் கூடவே ஏறினாய், கூடவே இறங்கினாய். திரும்பி வரும்போது மணி பதினொன்று. அதற்குள் உன் பெட்டியை நான் கட்டி வைத்திருந்தேன். கவரை வைத்தாயாப்பா என்று கேட்டாய், பெட்டியில வச்சிட்டேன் என்றேன். ஜிப்பைத் திறந்து பார்க்காமலேயே சாப்பிட உட்கார்ந்தாய். இரண்டு மணிக்குக் கார் வந்தது. அங்கே போனதும், கவரை அம்மா பிரித்துவிட்டாள் என்றாய். இப்போது வக்கீலாக எனக்குப் பதில் சொல். முந்தின சாயங்காலம் நன்றாக இருந்த கவர், ராத்திரி முழுக்க உன் தலைமாட்டில். மறுநாள் காலை முழுக்க உன் அம்மா உன்னோடு மலைமேல். திரும்பி வந்தபோது கவர் பெட்டிக்குள். அவள் எப்போது பிரித்தாள்? அமெரிக்கா வரைக்கும் போய்ச் சட்டம் படிக்கிறவனுக்கு இந்தச் சின்னக் கணக்கு ஏன் தோன்றவில்லை? கவருக்குள் மஞ்சள் என்றதும் அம்மா என்று முடிவு கட்டிவிட்டாய். நீயும் கேட்காமல்தான் தண்டித்தாய்.

நான்தான் பிரித்தேன், தம்பி.

எட்டு மணி இருக்கும். பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கவர் கையில் வந்தது. இத்தனை ஆபீஸ், இத்தனை பரீட்சை எல்லாவற்றையும் நீ உன் புத்தியால் தாண்டினாய். இனிமேல் என்ன ஆனாலும் நான் பஸ் பிடித்து வந்து நிற்க முடியாத இடத்துக்குப் போகிறாய். உப்புக் காட்டிலேயே திரிந்த எனக்கு உன்னோடு அனுப்ப என்ன இருக்கிறது என்று அப்படி ஒரு தவிப்பு. மஞ்சள் டப்பா எதிரிலேயே இருந்தது. கவர் மேல் வைத்தால் தெரிந்துவிடும், உன் கேலிக்கும் ஆளாவேன், அதனால் உள்ளே காகிதத்தில் வைத்துவிடலாம் என்று தோன்றியது. நம் ஊர்க் காற்றில் எந்தக் கோந்து நின்றிருக்கிறது? மூடியின் ஒரு ஓரம் ஏற்கெனவே எழும்பியிருந்தது. விரலை விட்டேன், சத்தமே இல்லாமல் பிரிந்து வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்தேன். வாய்க்குள் என்னமோ சொன்னேன், என்ன சொன்னேன் என்று உன்னிடம் சொல்லமாட்டேன். பிறகு பழைய சோற்றிலிருந்து நாலு பருக்கையை எடுத்து நசுக்கி ஒட்டினேன். முத்திரையின் வட்டம் ஒரு நூல் விலகி நின்றது. அதைப் பார்த்தேன். யார் இதையெல்லாம் உற்றுப் பார்க்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உற்றுப் பார்த்தார்கள். நான்காம் நாள் சாயங்காலம் உன் போன் வந்தது. அட்மிஷன் ஆபீஸ் கவுண்டரில் இருந்த பெண் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உன் முன்னாலேயே திறந்து, மஞ்சள் மூலைகளைக் காட்டி, இது பிரிக்கப்பட்டது, செல்லாது என்று சொல்லிவிட்டாள். புதிதாக ஒன்று வருகிற வரைக்கும் உன் பெயரை வகுப்பில் சேர்க்கமுடியாதபடி நிறுத்தி வைத்திருந்தார்கள். வகுப்பில் சேரப் பத்து நாள்தான் கெடு. அதற்குள் பதிவாகவில்லை என்றால் சீட்டு போய்விடும், சீட்டு போனால் விசாவும் போய்விடும், வந்த வழியே திரும்பவேண்டும். அம்மாவைக் கூப்பிடச் சொன்னாய்.

"கவர பிரிச்சது நீதானம்மா?"

நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனை நேரம் பார்த்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

"ஆமாம்பா," என்றாள். "நல்லதுக்குன்னுதான் வச்சேன். தெரியாம பண்ணிட்டேன்."

அதற்குப் பிறகு நீ சொன்னதையெல்லாம் இங்கே எழுதமாட்டேன், நீ மறந்திருக்க மாட்டாய். என் வாழ்க்கையில் இனிமேல் எந்தக் காகிதத்தையும் தொடாதே என்றாய். அவள் சரிப்பா, சரிப்பா என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும், நான் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். மலையிலிருந்து வந்தபோதே என் நகக்கண்ணில் மஞ்சளைப் பார்த்துவிட்டாளாம். நான் மனம் மாறிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டாளாம்.

"இப்ப சென்னைக்கு ஓட அவனுக்கு ஒரு ஆள் வேணும். அந்த ஆளு மேல அவனுக்கு நம்பிக்க போயிட்டா, அத்தினி தூரத்துல ஒத்தையா நிக்கிறவன் யார நம்புவான்? எம்மேல கோவப்பட்டா ஒண்ணும் கெட்டுப்போயிடாது. பெத்தவதான, ரெண்டு நாள்ல சரியாயிடும். நீங்க கெளம்புங்க."

கிளம்பினேன். அன்றைக்குச் சென்னையில் பல்கலைக்கழக வராந்தாவில் நான் பட்ட பாட்டை உனக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், இல்லையா? அங்கேயும் ஒன்றை மறைத்தேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அலுவலர் அம்மா, போன மாதம்தானே கொடுத்தோம், அது என்ன ஆச்சு, காரணம் எழுதிக் கொடுங்கள் என்றார். தபாலில் நனைந்துவிட்டது என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். ஏனோ அன்றைக்குக் கை வரவில்லை. நான்தாம்மா பிரிச்சேன், புள்ளைக்கு மஞ்சள் வைக்கலாம்னு பிரிச்சிட்டேன் என்று அந்த ஜன்னலில் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "எம்பையன் ஹால் டிக்கெட்டுக்கு நானும் வப்பேன் சார். இனிமே வச்சா மேல வைங்க, உள்ள வைக்காதீங்க." ஒரு வாரம் ஆகும் என்றவர், மறுநாள் மத்தியானமே கவரை ஒட்டி, முத்திரை வைத்து, அதன்மேல் கண்ணாடி டேப்பையும் ஒட்டிக் கொடுத்தார். கூரியர் ஆபீஸ் எதிரிலேயே இருக்கிறது, நேராக அங்கே போங்கள், வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது உன் கைக்குக் கிடைத்தது. உன் பெயர் வகுப்பில் ஏறியது. 'நீ மட்டும் இல்லன்னா நான் ரோட்ல நின்னிருப்பேன்ப்பா' என்று நீ அழுதாய். முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சொல்ல முடிந்த உண்மையை, அழுகிற பிள்ளையிடம் சொல்ல என்னால் முடியவில்லை. உன் நன்றியை வாங்கி வைத்துக்கொண்டேன். அது எனக்கு ருசியாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ரெண்டு நாளில் சரியாயிடும் என்றாள். மூன்று மாதம் ஆகிறது. முதல் ஒரு மாதம், நீ கூப்பிடுகிற நேரம் பார்த்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள். சாப்பிட்டானா கேளுங்க, குளுருக்கு எதாச்சும் வாங்கினானா கேளுங்க என்று என் காதில் சொல்லுவாள், நான் கேட்டுச் சொல்லுவேன். இப்போது போன் அடித்தால் எழுந்து பின்பக்கம் போய்விடுகிறாள். இதைப் பார்த்துக்கொண்டும் நான் சோறு தின்றேன், தூங்கினேன், உன்னோடு போனில் சிரித்துப் பேசினேன். நாளைக்குச் சொல்லலாம், பரீட்சை முடியட்டும், ஊருக்கு வரும்போது சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். சோம்பேறித்தனத்துக்கு நல்ல மனசு என்று பெயர் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

போன வாரம் ஏகாம்பரம் வந்தார். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகைக் கட்டை அம்மாவிடம் நீட்டி, முதல் பத்திரிகைக்கு உங்கள் கையால் மஞ்சள் வைத்துக் கொடுங்கள் என்றார். நம் தெருவில் யார் வீட்டுப் பத்திரிகை என்றாலும் முதலில் அவளிடம்தானே வரும். அவள் வாங்கவே இல்லை. "எங்கைக்கு ராசி போதலண்ணா. வேற யாராச்சும் வைக்கட்டும்" என்றாள். ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன். அதற்கு நாலாம் நாள்தான் உன் போன், 'அம்மா கைல மட்டும் குடுத்துடாதப்பா' என்று. அவள் தோசையைத் திருப்பிப் போட்டதைச் சொன்னேன் இல்லையா, அந்தத் தோசையை எனக்குத்தான் வைத்தாள். அதை என்னால் விழுங்க முடியவில்லை.

புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் கடிதம் எழுதினால் ஒன்றாவது சொல்லவேண்டும். நாளைக்குக் கோர்ட்டில் நீ நிற்கும்போது, ஒருத்தர் தானாக வந்து, நான்தான் செய்தேன், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னால், உடனே எழுதிக்கொள்ளாதே. அவர் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார். பக்கத்தில் இருப்பவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவனைக் கேள். நானே அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் இது எனக்கு நன்றாகத் தெரியும். இன்னொன்று. என்னிடம் கோபப்படு. நன்றாகப் படு. நான் அப்பன், ஆசையில் செய்தேன் என்று குறைத்துப் போடாதே. பிரித்தது ஆசையில்தான். வாயைத் திறக்காமல் இருந்தது ஆசை இல்லை. உன் மரியாதை போய்விடுமே என்ற பயம். அந்தப் பயத்துக்கு முதலில் உன் கன்னத்தைக் கொடுத்தேன், பிறகு உன் அம்மாவைக் கொடுத்தேன்.

வக்கீல் பரீட்சைக் கவரைப் பற்றிக் கவலைப்படாதே. நேற்று சென்னைக்குப் போய் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். தனியாகப் போகவில்லை, உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்றாள், வம்பு பண்ணி இழுத்துக்கொண்டு போனேன். ஜன்னலில் அதே அலுவலர் அம்மாதான் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, இந்தத் தடவை மஞ்சள் வச்சீங்களா சார் என்று கேட்டார். உன் அம்மா சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள். அவரிடம் அன்றைக்கே நான் உண்மையைச் சொல்லியிருக்கிறேன் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில், கோவளம் தாண்டியதும், "அந்தம்மாகிட்ட சொன்னீங்க," என்றாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மரக்காணத்தில் இறங்குகிற வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இதைத் தபாலில் போட்டால் உன்னிடம் வந்து சேர வாரக்கணக்காகும். என்னால் அவ்வளவு நாள் பொறுக்கமுடியாது. என் போனில் எழுத்து மங்கலாக விழுகிறது. அதனால் ஏகாம்பரத்தின் மகளிடம் கொடுத்து, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். அவள் படிப்பாள். படித்தால் மடையைத் திறந்தது யார் என்று அவள் அப்பாவுக்கும் இன்றைக்கே தெரிந்துவிடும், சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். தெரியட்டும். ஏகாம்பரம் இத்தனை வருஷம் கழித்து வந்து சண்டை போட்டாலும் போடட்டும். உன் அம்மாவைப் பற்றி நீ ஒருத்தன் நினைத்துக்கொண்டிருப்பதை மாற்ற, என்னைப் பற்றி ஊர் நினைத்துக்கொண்டிருப்பது மாறினால் எனக்கு நஷ்டம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கூப்பிடு. உனக்கு அது வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டு நேரம். மழை விட்டாலும் விடாவிட்டாலும் நான் வரப்பு பார்க்கப் போயிருப்பேன். போனை அடுப்பங்கரை மேடையில் வைத்துவிட்டுப் போவேன். ரெண்டு தடவை அடித்தும் எடுக்காவிட்டால் வைத்துவிடாதே, மறுபடியும் அடி. அவள் எடுப்பாள். 'அப்பாகிட்ட குடு' என்று மட்டும் சொல்லாதே. நான் அங்கே இருக்கமாட்டேன்.

அப்பா